தூங்குறாருங்க

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே போனது கதைக்காக அல்ல. ஒரு வார இதழ் நான்கு பக்கக் கட்டுரை கேட்டிருந்தது. லாரி ஓட்டுநர்கள் நின்று சாப்பிடும் பழைய சாலையோரக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. அதைப் பற்றி “மனசைத் தொடுற மாதிரி” வேண்டும் என்றார் ஆசிரியர். மனதைத் தொடுவது எனக்குக் கைவந்த வேலை. கடையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, பேருந்தில் உட்கார்ந்து முதல் வரியை எழுதிவிட்டேன்:

‘ஒரு காலத்தில் நாற்பது லாரிகள் நின்ற அந்த மைதானத்தில் இன்று காற்று மட்டுமே வந்து—’

அதை முடிக்கவில்லை. இப்போது படித்தால் உடம்பு கூசுகிறது. ஆனாலும் அழிக்காமல் விடுகிறேன். எப்படிப்பட்ட ஆள் அந்தக் கடைக்குள் நுழைந்தான் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

2

கடையை நடத்துபவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஓட்டுநர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. நான் போனபோது காலை பதினோரு மணி. எட்டு மேசைகளில் ஒன்றை மட்டும் துடைத்து வைத்திருந்தார். எனக்குத் தேநீர் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“புது ரோடு வந்ததுகூடப் பரவாயில்ல தம்பி. ரெண்டு கிலோமீட்டர் சுத்திக்கிட்டாவது வந்தாங்க. அப்புறம் வண்டியில ஒரு கருவி மாட்டினாங்க. குறிச்ச பாதையை விட்டு வண்டி இறங்கினா ஆபீஸ்ல மணி அடிக்குமாம். அதோட சரி.”

இப்போது எல்லா வண்டிகளும் புதுச் சாலையில் இருக்கும் பெரிய நிறுத்துமிடத்தில்தான் நிற்கின்றன. வண்டி நிறுத்த அறுபது கட்டங்கள், கேமராக்கள், பொத்தானை அமுக்கினால் தேநீர் தரும் இயந்திரம்.

“அங்க எல்லாம் இருக்கு. மனுஷங்கதான் இல்ல,” என்றார்.

கதவுக்குப் பின்னால் ஒரு நீளக் கம்பு சாய்ந்திருந்தது. நாய் விரட்டவா என்று கேட்டேன். சிரித்தார். வண்டியை நிறுத்திவிட்டு எட்டு மணி நேரம் ஆகியும் ஓட்டுநர் இறங்கி வராவிட்டால், அந்தக் கம்பால் போய்க் கதவைத் தட்டுவாராம்.

“தூக்கத்தைக் கெடுத்தா திட்ட மாட்டாங்களா?”

“திட்டினா உயிரோட இருக்கான்னு அர்த்தம்.”

(இதை நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். கட்டுரைக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது என்று மனதுக்குள் குதித்தேன். அரை மணி நேரம் கழித்து நடக்கப் போவது தெரியாமல் குதித்தேன்.)

3

கல்லாமேசை மேல் இருந்த பழைய தொலைபேசி அடித்தது. ஒரு காலத்தில் ஓட்டுநர்களின் வீடுகளில் எல்லாம் இந்த எண் சுவரில் எழுதியிருக்குமாம். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. அக்கா எடுத்துப் பேசினார். பேசப் பேச அவர் குரல் இறங்கியது.

கூப்பிட்டது தலையணைக்காரரின் மனைவி.

[தலையணைக்காரர் யார் என்று சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வருடம் இந்தக் கடைக்கு வந்துபோன ஓட்டுநர். தலைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என எங்கே போனாலும் இரண்டு தலையணையோடு போவார். அதனால் அந்தப் பெயர். நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவருக்கு ஒரு பெரிய மீசையும் இடிச்சிரிப்பும் வைத்து ஒரு பத்தி எழுதினேன். எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. எடுத்துவிட்டேன்.]

முந்தைய நாள் காலையிலிருந்தே அவர் போனை எடுக்கவில்லையாம். நிறுவனத்தில் கேட்டிருக்கிறார் மனைவி. விடுமுறை நாள், ஒரே ஒரு ஆள்தான் அலுவலகத்தில். ‘வண்டி புது ரோட்டு நிறுத்துமிடத்துல பத்திரமா நிக்குது. ஓய்வுன்னு காட்டுது’ என்று பதில் வந்திருக்கிறது.

“எத்தனை மணி நேரமா ஓய்வுன்னு கேட்டியாம்மா?” என்றார் அக்கா.

பதிலைக் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார். என்னைப் பார்த்தார்.

“முப்பத்தொரு மணி நேரம்.”

கம்பை எடுத்தார். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

“நீங்க இங்கயே இருங்க தம்பி. அந்தப் பொண்ணு திரும்பக் கூப்பிட்டா எடுத்துப் பேசுங்க.”

“நான் என்னங்க சொல்றது?”

“எதையாச்சும் சொல்லுங்க. எழுதுறவர்தானே நீங்க?”

4

இந்தப் பகுதியில் நான் இல்லை. அக்கா பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

வண்டி கடைசி வரிசையில் நின்றிருந்தது. இரண்டு பக்கமும் வேறு லாரிகள். ஒன்றின் ஓட்டுநர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். தலையணைக்காரரின் வண்டியில் திரை இழுத்து மூடியிருந்தது. முன்கண்ணாடியின் துடைப்பானுக்கு அடியில் இரண்டு சீட்டுகள். ‘அனுமதிக்கப்பட்ட நேரத்தைத் தாண்டி நிற்கிறீர்கள்’ என்று அச்சடித்த எச்சரிக்கைச் சீட்டுகள். ஒன்று முந்தைய நாள் மாலை வைத்தது. இன்னொன்று அன்று காலை.

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. இரண்டு முறை ஒரு மனிதர் அந்த வண்டிக்கு ஒரு கை தூரத்தில் வந்திருக்கிறார். படியில் ஏறி, எக்கி, சீட்டைச் செருகிவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். இதைக் கற்பனையாக நான் எழுதியிருந்தால் ‘மிகையாக இருக்கிறது’ என்று ஆசிரியர் அடித்திருப்பார்.

அக்கா கம்பால் தட்டினார். திட்டு வரும் என்று காத்திருந்தார். மறுபடி தட்டினார்.

‘உள்ளேயிருந்து கரகரத்த குரல் ஒன்று: “யாருய்யா அது? மனுஷனைத் தூங்க விடமாட்டீங்களா?” கதவு திறந்தது. அக்குளில் ஒரு தலையணையோடு அவர்—’

இதை மூன்று பக்கம் எழுதினேன். இருவரும் கடைக்கு வருகிறார்கள், முட்டையும் ரொட்டியும் சாப்பிடுகிறார்கள், மனைவியிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப் போட்டேன்.

அக்கா படியில் ஏறித் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தார். பிறகு இறங்கி, கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவரிடம் கதவை உடைக்கச் சொன்னார்.

மாரடைப்பு. முதல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உயிர் இருந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் பிறகு சொன்னார்.*

* எட்டு மணி நேரத்தில் கம்பால் தட்டுகிற ஒருவர் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தார். இதற்கு மேல் அடிக்குறிப்பு எழுத எனக்குத் தெரியவில்லை.

5

என் கைபேசிக்கு அக்கா கூப்பிட்டார்.

“போயிட்டார் தம்பி.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார். நான் மைதானத்தைப் பார்த்தபடி நின்றேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கல்லாமேசைத் தொலைபேசி அடித்தது. பத்துத் தடவை அடிக்க விட்டுவிட்டு எடுத்தேன்.

“அக்கா?”

“அக்கா வெளிய போயிருக்காங்கம்மா. நான் கடையிலதான் இருக்கேன்.”

“அவரப் போய்ப் பார்த்தாங்களாண்ணா?”

“பார்த்தாங்க.”

“எப்படி இருக்காரு?”

ஒரு சொல். எனக்குத் தெரிந்த ஆயிரக்கணக்கான சொற்களில் ஒன்று வேண்டும்.

“தூங்குறாருங்க.”

அந்தப் பக்கம் பெரிதாக மூச்சு விடும் சத்தம். பிறகு சிரிப்பு.

“பாருங்கண்ணா இந்த மனுஷன! எனக்கு இங்க உசுரே போச்சு. சரி, எழுப்ப வேணாம்னு சொல்லுங்க. நல்லா தூங்கட்டும்.”

“சொல்றேம்மா,” என்றேன். ஆமாம், அதையும் சொன்னேன்.

6

கட்டுரையை எழுதவில்லை. அக்கா அடுத்த வாரம் கடையை மூடினார். இடம் கேட்டு யாரும் வரவில்லை, அவராகத்தான் மூடினார். தினமும் காலையில் கம்போடு நிறுத்துமிடத்துக்குப் போய் ஒவ்வொரு வண்டியாகத் தட்டினார். ஓட்டுநர்களின் ஓய்வுக்கு இடைஞ்சல் என்று காவலாளி துரத்தினார். மறுநாளும் போனார். இப்போது சிலர் கதவைத் திறக்காமலே உள்ளிருந்து “இருக்கேன்க்கா!” என்று கத்துகிறார்களாம். இதை என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

7

ஒரு மாதம் கழித்து அக்கா கூப்பிட்டார். “அந்தப் பொண்ணு வந்திருக்கா. அவர் நின்ன இடத்தைப் பார்க்க வந்தா. போன்ல பேசினவரையும் பார்க்கணுமாம்.”

வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். போனேன்.

மூடிய கடைக்குள் மேசைகள் மேல் நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றைக் கீழே இறக்கி அந்தப் பெண்ணை உட்கார வைத்திருந்தார் அக்கா. எனக்கும் ஒன்றை இறக்கினார். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். அழுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அழவில்லை.

“அன்னைக்கு நான் சாப்பிட்டேன்ணா,” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“அதுக்கு முன்னாடி ஒரு வாய் இறங்கல. நீங்க சொன்னதும் உக்காந்து சாப்பிட்டேன். ரெண்டாவது தடவையும் போட்டுக்கிட்டேன். பக்கத்து வீட்டுக்காரிகிட்ட அவரைக் கிண்டல் பண்ணிச் சிரிச்சேன். மூணு மணி நேரம் கழிச்சு போலீஸ்காரங்க போன் பண்ணாங்க. அந்தச் சோறு இன்னும் என் தொண்டையிலயே இருக்குண்ணா.”

நான் தரையைப் பார்த்தேன்.

“சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு தெரியணும். தூங்குறாருன்னு சொன்னப்போ, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார். “அவருக்கு எப்படிம்மா தெரியும்? நான் திரும்பி வந்துதானே சொன்னேன்.”

என் பக்கம் திரும்பாமல், இன்னொரு நாற்காலியை இறக்கியபடி சொன்னார். அது யாருக்கும் தேவைப்படாத நாற்காலி.

‘ஆமாம்மா, எனக்குத் தெரியாது, என்று—’

‘தெரியும்மா. தெரிஞ்சேதான் சொன்னேன். என்னால—’

இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். முதலாவதில் இந்தப் பெண் தலையாட்டிவிட்டு, இன்னும் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு பேருந்து ஏறுகிறார். இரண்டாவதில் அக்காவை, இந்தப் பெண்ணுக்கு மீதமிருக்கிற ஒரே ஆளை, இவர் இனி நம்ப முடியாதபடி செய்துவிடுகிறேன். நான் உண்மையில் எதைச் சொன்னேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

அதற்குப் பதிலாக, இந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அக்கா நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அந்தப் பெண் அக்கா சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவர் உங்கள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.