செலியா போகாத மலை

ஆல்ப்ஸ் மலையில் டங்கனின் முதல் மனைவி கால் வைக்காத ஒரு பனிச்சறுக்கு ஊர் வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் என் ஒரே நிபந்தனை அதுதான். வெளியே சொல்லிக்கொள்ளக்கூடியதாக அது இல்லை.

எனக்கும் டங்கனுக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம். நான் ஷ்ரூஸ்பரியில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். நாற்பத்தொரு வயது வரை சறுக்குப் பலகைமேல் நின்றதே இல்லை. டங்கனுக்கும் அவன் மகள் ஃபிளோராவுக்கும் பிப்ரவரி விடுமுறை என்றாலே பிரான்சும் பனியும்தான். ஃபிளோராவுக்குப் பதின்மூன்று வயது. பிரிஸ்டலில் அம்மா செலியாவோடு இருக்கிறாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறு எங்களிடம் வருவாள்.

நவம்பரில் ஒரு நாள் சமையலறை மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, "இங்க போகலாமா? உயரமான இடம், பனிக்குப் பஞ்சமில்லையாம்" என்றேன்.

"பிரமாதமான இடமாச்சே! நானும் செலியாவும் ரெண்டு தடவை போயிருக்கோம்."

"அப்ப இது?"

"அங்கதான் ஃபிளோரா முதல்முதலா பலகைல நின்னா. செலியா அவளைக் காலுக்கு நடுவுல நிக்க வெச்சுக்கிட்டு மேலேருந்து கீழ வரைக்கும்..."

மூன்றாவது ஊரைக் காட்டியபோது, அவன் வாய் திறப்பதற்குள்ளேயே முகம் மலர்ந்துவிட்டது. நான் கணினியை மூடினேன்.

அப்புறம் தனியாகத் தேடி மோன்த்ரோலே என்று ஒரு ஊரைக் கண்டுபிடித்தேன். பிரான்சில் சவாய்ப் பக்கம், உயரம் குறைவு, சறுக்குபவர்களைச் சரிவின் மேலே ஏற்றிவிட மொத்தமே பதினோரு லிஃப்ட், அதிலும் பாதி பழையவை.

"இந்த ஊரா? பாதி நாள் மழைதான் பெய்யும், நெரிஸ்" என்றான் டங்கன்.

"தங்கற இடத்துக்குக் கீழயே ரொட்டிக் கடை இருக்கு."

"ரொட்டிக்காகவா போறோம்?" என்றான். என் முகத்தைப் பார்த்தவன் அதற்குமேல் கேட்கவில்லை.

ஊரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. பிரெஞ்சு மொழி பாக்கி இருந்தது. செலியா பிரான்சில், கிரெனோபிளில் இரண்டு வருஷம் படித்தவள். "அம்மா லிஃப்ட்காரர்கிட்ட ஏதாவது சொல்லுவாங்க, அந்த ஆள் சிரிச்சுக்கிட்டே இருப்பாரு" என்று ஃபிளோரா ஒருமுறை சொல்லியிருந்தாள். முன்பின் தெரியாத ஒரு லிஃப்ட்காரரின் சிரிப்பு என்னை வாரக்கணக்கில் அரித்தது.

ஒரு நோட்டு வாங்கினேன். மருத்துவமனையில் கருவிகளைக் கொதிநீராவியில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் மனப்பாடம் செய்தேன். 'ஷாஸ்-நேஜ்' என்றால் பலகை முனைகளைச் சேர்த்துப் பிரேக் போடுவது. 'ஜெனூ' முழங்கால். 'பிளெஸே' அடிபட்டவள். பலகைக்கு மெழுகு பூசுவதற்குப் பெயர் 'ஃபார்தே'. ஆங்கிலக் காதுக்கு அது காற்றுப் பிரிவதைச் சொல்லும் சொல் போலக் கேட்கும். அதைக் கேட்டு ஃபிளோரா சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவளே நோட்டைப் பிடுங்கிக்கொண்டு கேள்வி கேட்பாள்.

"பின்பக்கத்துல கம்பியை வெச்சு இழுத்துக்கிட்டுப் போற லிஃப்ட்?"

"தீர்-ஃபெஸ்."

"அர்த்தம்?"

"பிட்ட இழுவை."

"பாஸ்!"

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இனித்தன. ஆனால் அந்த இனிப்பிலும், 'இதை செலியாவிடம் போய்ச் சொல்லுவாளா?' என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

டங்கன் சொன்னபடியே முதல் இரண்டு நாள் மழை கொட்டியது. மூன்றாம் நாள் பனி விழுந்தது. பயிற்சியாளர் குண்டான மனிதர், மலைச்சரிவு முழுக்க "ஜெனூ, மதாம், ஜெனூ!" என்று கத்தியே என் முழங்காலை மடக்க வைத்தார்.

ஐந்தாம் நாள் டங்கன் உச்சிக்குப் போய்விட்டான். ஃபிளோரா எனக்குத் துணையாக, சுலபமான நீலப் பாதையில் வரச் சம்மதித்தாள். பாதி வழியில் மேகம் இறங்கிவிட்டது. தரையும் வானமும் ஒரே வெள்ளை. மேடு பள்ளம் எதுவும் தெரியவில்லை. எனக்கு முன்னால் போன ஃபிளோரா "ஆ" என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது வலது கால் கோணிக்கிடக்க விழுந்திருந்தாள்.

"முட்டி, நெரிஸ், முட்டி!"

பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்திருந்தபடி, மேலிருந்து வருபவர்களுக்கு எச்சரிக்கையாக, அவளுக்கு மேலே என் பலகைகளைக் குறுக்காக நட்டுவைத்தேன். வரைபடத்தின் பின்னால் இருந்த மீட்பு எண்ணை அழைத்தேன். நீலப் பாதை, ஏழாம் எண் கம்பம், சிறுமி, பதின்மூன்று வயது, அடிபட்டிருக்கிறாள், முழங்கால். எல்லாம் பிரெஞ்சில். மறுமுனையில் ஒருவர் அதைத் திருப்பிச் சொல்லி, பத்து நிமிஷத்தில் வருகிறோம் என்றார். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் அப்படித் தேறியதில்லை.

திரும்பினேன். ஃபிளோரா போனில் அழுதுகொண்டிருந்தாள். "அம்மா, ரொம்ப வலிக்குதும்மா."

பக்கத்தில் நான் நிற்கிறேன். அவள் பிரிஸ்டலைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"அம்மா உங்ககிட்டப் பேசணுமாம்" என்று போனை நீட்டினாள்.

"நெரிஸ், மீட்புக்காரங்க வந்ததும் போனை அவங்க கையில குடுங்க. நான் பேசிக்கறேன். நீங்க ஏதாவது மாத்திச் சொல்லி வெச்சிடாதீங்க."

அவளுக்கு என்மீது ஏளனம் இல்லை, பயம்தான். இப்போது தெரிகிறது. அப்போது என் காதில் ஏளனம்தான் விழுந்தது.

"செலியா? கேக்கலை... சிக்னல் இல்லை" என்று வைத்தேன். போனை அணைத்து என் பையில் போட்டுக்கொண்டேன். சிக்னல் முழுசாக இருந்தது. ஃபிளோரா என்னையே பார்த்தாள்.

மீட்புச் சறுக்குவண்டியோடு வந்த பெண் கேள்விகள் கேட்டாள். பாதி புரிந்தது. ஒரு கேள்வி மட்டும் இரண்டு முறை கேட்டும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல மனசு வராமல், இல்லை என்ற அர்த்தத்தில் "நோன்" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

அடிவாரத்தில் மருத்துவர் காலை அசைத்துப் பார்த்து, சுளுக்குதான் என்றார். மாத்திரையைக் கையில் எடுத்தவர், "ஒவ்வாமை எதுவும் இல்லைதானே?" என்று காகிதத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"இருக்கே! இபுப்ரோஃபென் ஆகாது, மூஞ்சியெல்லாம் வீங்கிடும்" என்றாள் ஃபிளோரா.

மருத்துவர் அந்த மாத்திரையைத் திரும்ப வைத்தார். காகிதத்தில் என் 'நோன்' மீது கோடு போட்டார்.

அப்போதுதான் டங்கன் ஓடி வந்தான். "செலியா என்னைப் பதினோரு தடவை கூப்பிட்டுட்டா, அழறா. ஃபிளோரா, உன் போன் ஏன் அணைஞ்சு கிடக்கு?"

"சார்ஜ் போயிடுச்சுப்பா" என்றாள் ஃபிளோரா, என் பக்கம் திரும்பாமல்.

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய், என் போனிலிருந்து செலியாவை அழைத்தேன்.

"சுளுக்குதான். எலும்பு நல்லா இருக்கு. அப்புறம்... சிக்னல் இருந்துச்சு, செலியா. நான்தான் வெச்சேன்."

"ஒரு மணி நேரம்" என்றாள். "ஒரு மணி நேரமா எங்கேயோ பள்ளத்துல கிடக்கறாளோன்னு... உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"ஒவ்வாமை பத்திக் கேட்டாங்க. எனக்குப் புரியலை. இல்லைன்னு சொல்லிட்டேன். ஃபிளோராதான் தடுத்தா."

அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுதமுடியாது. எல்லாமே எனக்குத் தகும். மூச்சு வாங்க நிறுத்தியபோது குரல் மாறியிருந்தது.

"எட்டு வருஷமா அவளுக்கு பிரெஞ்சு சொல்லிக் குடுக்கப் பாக்கறேன். காதைப் பொத்திக்குவா. இந்தக் குளிர்காலம் பூரா சாப்பாட்டு மேஜைல ஷாஸ்-நேஜ், தீர்-ஃபெஸ், நெரிஸ் இப்படிச் சொன்னாங்க, அப்படிச் சொன்னாங்க. நான் தட்டைக் கழுவிக்கிட்டே கேட்டுட்டு இருந்தேன்."

அப்புறம் அவளே கேட்டாள்:

"அடிபட்டதும் என்னைத்தானே கூப்பிட்டா?"

"உங்களைத்தான்."

"பக்கத்துல நீங்க இருந்தும்?"

"நான் இருந்தும்."

"ம்" என்றாள். அந்த 'ம்' எனக்கு வலித்தது. அந்தப் பதில் அவளுக்குத் தேவையாக இருந்தது, கொடுத்தேன்.

டங்கனிடமும் சொன்னேன். ஊர் திரும்பும்வரை தேவைக்குமேல் அவன் பேசவில்லை.

அன்று மருத்துவரிடமிருந்து ஊன்றுகோல்களோடு வெளியே வந்த ஃபிளோரா கேட்டாள்: "அம்மா திட்டினாங்களா?"

"திட்டினாங்க."

"நல்லாவா?"

"நல்லா."

"நீங்க செஞ்சது அசிங்கம்."

"ஆமா."

ஈரப் பனியில் படிகள் வழுக்கின. அவள் ஒரு ஊன்றுகோலை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, என்னோடு பேசாமலே, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.