நாற்பத்தொன்றாவது வீடு

பன்னிரண்டு நாளில் நாற்பது வீடுகள். நாற்பதாவது வீட்டின் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்திருந்தார்கள். பாய்லர் பிரிவு ஃபோர்மேன் குளித்துவிட்டு வர வேண்டும். மடியில் டேப்லெட், அதில் அறுபத்திரண்டு கேள்விகள்.

எல்லாம் ஊர் எல்லையில் இருக்கும் அனல்மின் நிலையத்தைப் பற்றியவை. இன்னும் ஆறு வருடத்தில் அதை மூடப்போகிறார்கள். வெயிலிலிருந்து எடுக்கும் மின்சாரம் நிலக்கரியைவிட மலிவாகிவிட்டது, காற்றுக்கும் நல்லது. மூடினால் எந்த வீட்டுக்கு என்ன ஆகும், யாருக்கு ஈட்டுத்தொகை, யாருக்குப் புது வேலைக்கான பயிற்சி என்று ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. நிலையம் கொடுத்த பட்டியலிலிருந்து ஆளுக்கு நாற்பது வீடு.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. கையில் கேள்வி இருந்தால் கூச்சம் எங்கோ போய்விடுகிறது. கூட வேலை பார்க்கும் அக்கா அடுத்த தெருவை முடித்துவிட்டு வருவாள். இருவரும் நிழல் பார்த்து நடப்பார்கள். அக்காவுக்கு எல்லா வீட்டிலும் டீ கிடைக்கும், இவளுக்குத் தண்ணீர்தான். "மூஞ்சிய உம்முன்னு வச்சிருந்தா யாருடி டீ குடுப்பா?" என்பாள் அக்கா. இவள் சிரிப்பாள். சிரிப்பதையும் அடுத்த வீட்டுக்குள் நுழைவதற்குள் மறந்துவிடுவாள்.

ஃபோர்மேன் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். இந்த வீட்டில் டீயும் கொடுத்தார்கள். அவள் பதில்களை அனுப்பினாள். திரையின் மூலையில் எண் மாறியது. நாற்பத்தொன்று.

அதிகமாக இருந்த அந்த ஒன்று அவளுடைய சொந்த வீடு.

வேலை தொடங்குவதற்கு முந்தின மாலை, வீட்டில் யாரையாவது கேட்டுப் பழகிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கணவன் அதே நிலையத்தில் நிலக்கரிக் குவியலுக்குத் தண்ணீர் அடிப்பவன். தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு, தலை வாரி, எதிரில் வந்து உட்கார்ந்தான். நாலாவது கேள்வி, வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா. ஒப்பந்தம் என்பதைத் தொட்டதும் திரை கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிட்டது. தங்கள் நேரத்துக்கு நன்றி.

"அவ்ளோதானா?" என்றான். "இதுக்கா சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு வந்தேன்?"

மிச்சக் கேள்விகளையும் கேட்டுப் பழக வேண்டுமே என்று அவள் மறுபடி தொடங்கி, நிரந்தரம் என்று தொட்டாள். அவன் அறுபத்திரண்டுக்கும் பதில் சொன்னான். குவியல் உள்ளே சூடேறினால் புகை வருவதற்கு முன்பே மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வரும் என்றான். அதை மூக்கால் பிடித்து மூன்று முறை தீயைத் தடுத்திருக்கிறானாம். அவளுக்கே அது புதுச் செய்தி. சொன்னதைச் சொன்னபடியே பதிய வேண்டும் என்பது விதி, பதிந்தாள். அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துவிட்டது. அதையும் அவன் நன்றாயிருக்கிறது என்று சொல்லியே சாப்பிட்டான்.

பழகுவதற்கு முன் 'பயிற்சி' என்ற கட்டத்தைத் தொட வேண்டும். இரண்டாம் முறை தொடங்கும்போது அதை மறந்துபோனாள். காலையில் பார்த்தால் வீடு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அனுப்பியதை அழிக்க வழியில்லை.

அக்காவிடம் மட்டும் சொன்னாள். ஒரு வீடு பொய் என்று தெரிந்தால் நாற்பதையும் தள்ளிவிடுவார்கள், கூலியும் போய்விடும் என்று அக்கா நினைவுபடுத்தினாள். பிறகு குரலை இறக்கி, "உள்ள போன பேரு உள்ளயே இருக்கட்டும். யாரு கண்டா, புது வேலைப் பயிற்சிக்கே கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க" என்றாள். வீட்டுக்குப் போனால் கணவன் வாளித் தண்ணீரில் கால் கரியைத் தேய்த்தபடி பாடிக்கொண்டிருந்தான். அவனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி நாள் மதியம் கணக்கெடுப்பை நடத்தும் ஆய்வாளர் மேடம் வந்திருந்தார். இவளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். எல்லோர் கையையும் பிடித்து நன்றி சொன்னார், பிஸ்கட் பெட்டியைத் தானே சுற்றிலும் நீட்டினார். பிறகு இவளை அழைத்து லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். முதல் நாள் வந்த வீடு.

"இதைப் பத்து தடவை படிச்சிட்டேன்" என்றார். நிலையம் மூடினால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதிலை வாய்விட்டுப் படித்தார். "'மூடுன பிறகும் குவியல் கொஞ்ச நாள் கிடக்கும்ல. அது தீப்பிடிக்காம யாராவது தண்ணி அடிச்சுத்தான் ஆகணும். நான் அடிப்பேன்.' அறிக்கையோட முதல் பக்கத்துல இதைப் போடப்போறேன்."

அவளுக்குக் காது சூடானது. சந்தோஷமாகவும் இருந்தது.

"ஒரு விஷயம்தான். இவர் பேரு லிஸ்ட்ல இல்ல. பிளான்ட்ல விட்டுட்டாங்க. நீங்களா தேடிப்போய் எடுத்திருக்கீங்க" என்று ஆய்வாளர் அவள் தோளைத் தட்டினார். இப்போதே பேசி அவரையும் சேர்க்கச் சொல்கிறேன் என்று போனை எடுத்தார்.

பின்னாலிருந்து அக்கா அவள் காலை மிதித்தாள். எண்ணை அழுத்தும் விரலையே அவள் பார்த்தாள். நிலையத்தில் பெயரைத் தேடுவார்கள். நிரந்தரம் என்று சொன்னவன் எவன் என்று ஒப்பந்தக்காரரைக் கேட்பார்கள். நாளைக் காலை வாசலிலேயே அவனை நிறுத்திவிடுவார்கள்.

"வேண்டாம் மேடம்" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள்.

ஆய்வாளர் நிமிர்ந்தார். "ஏன், பாவம், விட்டுப்போன ஆளு..."

"அவங்க யாரையும் விட்டுடல மேடம். அது எங்க வீடு. எங்க வீட்டுக்காரர் பதினாலு வருஷமா அங்கதான் இருக்காரு. கான்ட்ராக்ட்ல."