மூன்றாம் பக்கத்தின் நகல்

எனக்குப் பிறகு நம் இசைக்குழுவின் கோலைக் கையில் எடுத்திருக்கும் உங்களுக்கு வணக்கம்.

பார்சல் நனையாமல் வந்து சேர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். நல்லது. ஒன்பது பேருக்கான இசை நோட்டுகளையும் சரிபார்த்ததில், இரண்டாவது வயலினின் மூன்றாம் பக்கம் மட்டும் நகலாக இருக்கிறதே, அசல் தொலைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். தொலையவில்லை. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. காரணத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் ஒத்திகை பார்த்தது ஒரு சலவைக்கடையின் மாடியில், ஞாயிறு காலைகளில். கீழே இஸ்திரி போடுகிற சூடு தரை வழியாக ஏறி, கால் மணிக்கொரு தரம் எல்லோருக்கும் சுருதியைக் கலைத்துவிடும். செல்லோ வாசித்தவர் பல் டாக்டர். இரண்டாவது வயலின் இரண்டு பேர்: என் அக்காவும் ஒரு மருந்துக்கடைக்காரரும். இருவருக்கும் ஒரே ஸ்டாண்டு, ஒரே நோட்டு. அக்கா கணக்கு டீச்சர். நான் தங்கியிருந்ததும் அவள் வீட்டில்தான்.

நான் புதிதாகக் கோல் பிடித்தவன், அதாவது குழுவை நடத்தும் கண்டக்டர். தலைக்கனம் கோலைவிட நீளம். ஒருநாள் ஓரிடத்தில் இரண்டாவது வயலின் பிந்தி நுழைந்தது. நிறுத்தினேன்.

"இரண்டாவது வயலின், நீங்க லேட்."

"யாரு, நானா?" என்றாள் அக்கா.

"நீங்கதான்."

பேச்சு வந்த நாளிலிருந்து 'நீ' என்றே கூப்பிட்ட அக்காவை, அத்தனை பேர் முன்னால் 'நீங்க' என்றேன். அவள் வில்லைத் துடைத்துக்கொண்டாள். உண்மையில் பிந்தியவர் மருந்துக்கடைக்காரர். மறுவாரமே எனக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கோல் பிடித்தவன் தப்பென்று ஒப்புக்கொண்டால் யார் மதிப்பார்கள் என்று ஒரு நினைப்பு.

அந்த 'நீங்க' சொன்ன அன்றே மதியம் தட்டை வைத்துவிட்டு, "கண்டக்டர் சார், சாப்பிட வாங்க" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதோடு நான் அவளுக்குத் தம்பி இல்லை, 'டேய்' இல்லை. "கண்டக்டர் சார், உள்ள வழி விடுங்க." "கண்டக்டர் சார், உங்க ஸ்டாப்பிங் வந்துடுச்சு, எந்திரிங்க." பஸ்ஸே இல்லாத வீட்டில் இரண்டு மாதம் நான் கண்டக்டராக இருந்தேன். அந்த 'டேய்'க்காகக் காது ஏங்கியது.

இனி அந்தப் பக்கம். முடிவுக்குச் சற்று முன்னால் எல்லோரும் சட்டென நிற்கும் இடத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு நேரம் நிற்பது என்பது கோல் பிடித்தவன் கையில். நிமிர்ந்து பார்க்காவிட்டால் சேர்ந்து நுழைய முடியாது. மறக்காமலிருக்க, வாசிப்பவர்கள் அங்கே பென்சிலால் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்துகொள்வார்கள். எல்லோரையும் வரையச் சொன்னேன்.

"எனக்கு எண்ணத் தெரியும், கண்டக்டர் சார்" என்றாள் அக்கா. எண்ணி வாசிக்கிற இடமா அது? ஒவ்வொரு ஒத்திகையிலும் அவள் தலை நிமிராது. ஒவ்வொரு முறையும் அங்கே நுழைவு சிதறும்.

கச்சேரி நூலகத்தின் படிப்பறையில், நாற்பது நாற்காலிகளுக்கு முன்னால். அந்த இடம் வந்தது. நின்றார்கள். என் கை மேலே. எட்டு ஜோடிக் கண்கள் என்மேல். அக்காவின் கண்கள் தாளில். இவள் பார்க்காமல் கையை இறக்குவதில்லை என்று முடிவு செய்தேன். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பல் டாக்டரின் வில் நடுங்கத் தொடங்கியது. நான் இறக்கவில்லை.

அக்கா நிமிர்ந்தாள்.

"அக்கா, தப்பு என்னுது" என்றேன். உதடு மட்டும்தான் அசைந்தது. அவள் இமை ஒருமுறை மூடித் திறந்தது. கையை இறக்கினேன். ஒன்பது பேரும் ஒரே ஆளாக நுழைந்தார்கள். அப்படி ஒரு நுழைவு அதற்குப் பிறகு எனக்கு அமையவே இல்லை.

முடிந்ததும் நேராக வந்தாள்.

"எவ்வளவு நேரம்டா நிறுத்துவ? கை மரத்துப் போச்சு! டேய், முதல்ல அந்தக் கண்ணாடியை மாத்து. காதுல நூலைக் கட்டிக்கிட்டு மேடையில நிக்கற, மானம் போகுது."

அப்போது என் மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூலால் கட்டியிருந்தது.

நோட்டுகளைச் சேர்த்தபோதுதான் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில், அந்த இடத்துக்கு மேலே ஒரு மூக்குக்கண்ணாடி. ஒரு காதில் குறுக்கும் நெடுக்குமாக நூல் சுற்று. பென்சில் கோடு விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது.

"இது எப்ப வரைஞ்சாங்க?" என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன்.

"நீங்க வரையச் சொன்னீங்களே, அன்னைக்கே. அவன் வந்து தப்பை ஒத்துக்கற வரைக்கும் பார்க்க மாட்டேன்னாங்க. என்னையும் மூச்சு விடக்கூடாதுன்னுட்டாங்க. லேட்டா நுழைஞ்சது நான்தானே, எந்த வாயால சொல்ல?"

நகலில் அந்த நூல் சரியாகத் தெரியாது. உங்கள் இரண்டாவது வயலின்காரர் வேறொன்று வரைந்துகொள்ளட்டும். வியோலாவின் ஐந்தாம் பக்கம் ஓரம் கிழிந்திருக்கும், ஒட்டிவிடவும்.

இப்படிக்கு,
முன்னாள் கண்டக்டர் சார்