காலடியில் கிடந்த தூள்

முப்பது வருஷமாக ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் மாஸ்டரின் சொந்த வண்டி, ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாக வாசலில் படுத்துக்கொண்டது. பேட்டரி காலி. மாஸ்டரின் மானம் கப்பலேறிவிட்டது.

"லைட்டை அணைக்க மறந்திருப்பீங்க. இனிமே சாவி என்கிட்டதான்," என்று பிடுங்கிக்கொண்டாள் மனைவி.

மாஸ்டர் சண்டைக்குப் போகவில்லை. அணைத்தது நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் வயசு அறுபத்தெட்டு. நிஜமாகவே மறக்க ஆரம்பித்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் பயந்து போயிருந்தார். போதாக்குறைக்கு நேற்றுதான் வேறொரு வழக்கில் மாட்டியிருந்தார். காரைப் பெருக்கிய மனைவி, பிரேக் பெடலுக்குக் கீழே கருப்பாகத் தூள் கிடந்ததைப் பார்த்து, "சாக்லேட் பிஸ்கட்டா?" என்று ஓர் அதட்டல் போட்டாள். சர்க்கரை இருநூற்றைம்பதைத் தொட்ட மனிதர் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். தினமும் இரண்டு. மழை பெய்தால் மூன்று.

எலக்ட்ரீஷியன் வந்தார். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாமல் மாஸ்டரிடம் ஒரு காலத்தில் திட்டு வாங்கியவர். தன் பேட்டரியிலிருந்து கேபிள் மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். மாஸ்டர் எப்போதும் ரிவர்ஸில் வந்து, சுவருக்கு ஒரு சாண் விட்டு நிறுத்துவார். அதில் அவருக்கு ஒரு கர்வம். அந்த ஒரு சாணில் சுவர் சிவப்பாகத் தெரிந்தது.

"மாஸ்டர், பிரேக் லைட் எரியுது. யாரு மிதிக்கிறா?"

"என் கால் ரெண்டும் இங்கதான்யா இருக்கு!"

எலக்ட்ரீஷியன் பெடலுக்கடியில் தலையை விட்டார். "பெடல்ல ஒரு சின்ன ரப்பர் வில்லை இருக்கும். காலை எடுத்ததும் அது போய் சுவிட்சை அழுத்தும், லைட் அணையும். அது நொறுங்கிப் போச்சு. அதான் ராத்திரி பூரா லைட் எரிஞ்சு பேட்டரி காலி. கீழ கருப்பாத் தூள் கிடந்திருக்குமேம்மா?"

மாஸ்டர் நிமிர்ந்தார். மறக்கவில்லை! மண்டை சரியாகத்தான் இருக்கிறது!

"கேட்டியா? ரப்பராம்! பிஸ்கட்டே இல்ல!"

"ரப்பர் தூளுக்கா நேத்து அத்தனையும் ஒத்துக்கிட்டீங்க?" என்றாள் மனைவி.

எலக்ட்ரீஷியன் வெளியே எடுத்த தலையை மறுபடி உள்ளே விட்டுக்கொண்டார்.

மனைவி சிரித்தேவிட்டாள். சாவியை அவர் கையில் வைத்து அழுத்தினாள். "ஞாபகம் நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு. மீதி பாக்கெட்டை எங்க ஒளிச்சீங்கன்னும் ஞாபகம் இருக்குமே?"

மாஸ்டர் சுவரைப் பார்த்தார், அதை ஒட்டி நின்ற டிக்கியைப் பார்த்தார்.

"வண்டியைக் கொஞ்சம் முன்னால எடுக்கணும்," என்றார்.