விட்டு விட்டு அடித்த மணி

தேவாலயத்து ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திப் பலகையை மிதித்துக்கொண்டே அவர் கத்தினார்.

"போதும்மா, காது கிழியுது! எவ்வளவு நேரம் ஒரே கட்டையப் பிடிச்சுட்டு உக்காந்திருப்ப?"

ஆர்கனுக்குப் பின்னாலிருந்த மரக்கூண்டில் நின்றால் வாசிப்பவர் முகம் தெரியாது. காலமெல்லாம் மனைவி வாசித்தாள், அவர் காற்று மிதித்தார். தேவாலயத்து மணியும் விளக்கும்கூட அவர் பொறுப்புதான். "நான் மிதிக்கலேன்னா உன் பாட்டு ஊமை" என்று வீட்டில் பீற்றிக்கொள்வார்.

அதே கட்டை விடாமல் அலறியது. கூண்டிலிருந்து வெளியே பாய்ந்தார். அவள் கட்டைகள்மேல் சரிந்து கிடந்தாள். காற்று இறங்க இறங்க அந்தச் சத்தம் முனகலாகி நின்றது.

"ஏய், என்னப் பாரு!"

"என்னங்க... நெஞ்ச அழுத்துது. டாக்டர..."

தூக்கப் பார்த்தார். ஆர்கன் இருந்த மேல்மாடத்திலிருந்து இறங்கும் சுழல் படிக்கட்டில் ஒருவர் தனியாக இறங்கினாலே தோள் உரசும். கட்டிய புண்ணியவான் இப்படியொரு நாளை நினைக்கவே இல்லை. டாக்டர் வீடு தெருக்கோடியில். துருத்தி மிதித்தே தேய்ந்த முழங்காலை நம்பி அவ்வளவு தூரம் ஓட முடியாது. மணிக்கயிறு மாடத்து மூலையிலேயே தொங்கியது. ஆபத்தென்றால் விடாமல் அடிக்க வேண்டும், ஊரே ஓடி வரும். சாவுக்கு மட்டும்தான் ஒவ்வொன்றாக, விட்டு விட்டு.

கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்ப்பார். மூச்சு இருக்கிறதா? இருக்கிறது. இன்னொரு இழுப்பு. மறுபடி திரும்பிப் பார்ப்பார்.

"வர்றாங்கம்மா, வர்றாங்க. கண்ண மூடாத."

யாரும் வரவில்லை. கைப்பிடிச் சட்டத்தின் மேல் எட்டிப் பார்த்தார். கீழே, சிறு கதவுகள் வைத்த பெஞ்சுகள் வரிசையாகக் காலி. பீடத்துக்கு மேலே பிரசங்க மேடையும் காலி. இந்த ஊருக்குக் காது அவிஞ்சுபோச்சா ஆண்டவரே என்று வாய்விட்டு அழுதார். மறுபடி கயிறு, மறுபடி அவள் முகம்.

கடைசியில் வாசற்கதவு திறந்தது. ஊரார் எல்லாரும் துக்கத்துக்கான கறுப்பு உடுப்பில், அடிமேல் அடி வைத்து நுழைந்தார்கள். மளிகைக் கடைக்காரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து கேட்டாள்.

"யாருண்ணே போயிட்டாங்க?"

அவருக்கு விளங்கவில்லை. பிறகு கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"போகல!" தொண்டை கிழியக் கத்தினார். "உசுரோட இருக்கா! டாக்டர் எங்க?"

டாக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு படியேறி வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டார். தலைவாரி, கறுப்புக் கோட்டுக்குப் பொத்தானெல்லாம் போட்டிருந்தார். கையில் பாட்டுப்புத்தகம்.

"மருந்துப் பை வீட்ல இருக்கு," என்றார் டாக்டர். "யாராவது ஓடுங்க!"

மளிகைக் கடைக்காரியின் புருஷன் ஓடினார். அவர் மூச்சிரைக்கப் பையோடு மேலே வந்தபோது, டாக்டர் அவள் கண்களை மூடிவிட்டிருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, சாவு மணி அடிக்கக் கடைக்காரர் மணிக்கயிற்றின் பக்கம் போனார்.

"வேணாம்பா. அடிச்சாச்சு," என்றார், அவளை மடியில் சாய்த்துக்கொண்டிருந்த அவள் கணவர். அவளுடைய மடங்கிப்போன கழுத்துப் பட்டையை எடுத்து நேராக்கினார்.