பதினாலு நாள் ஓடிய வண்டி

"ஸ்டார்ட் பண்ணுப்பா. எல்லாரும் பாக்கட்டும்."

கிட்டுசாமி பெட்ரோல் டேங்க் மேல் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விட்டார். ஷோரூமிலிருந்து வந்திருந்த தீனதயாளன் சாவியைத் திருப்பி பட்டனை அழுத்தினான். வண்டி ஒரே அழுத்தில் உயிர் பெற்றது.

கொடுமுடிக்குப் போகும் கார் வாசலில் நின்றது. அஸ்திக் கலயத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று, மஞ்சள் துணியில் முடிந்து பந்தக்காலில் தொங்கவிட்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு காரில் ஏற வேண்டியவன் தரணீதரன். அவன் மாமனார் கிட்டுசாமி நகர்வதாக இல்லை. மகளைக் கொன்றது பதினாலே நாள் ஓடிய இந்தப் புது வண்டி, அதற்கு ஒரு பதில் கிடைத்த பிறகுதான் ஆற்றுக்கு என்று நின்றார்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் மனைவி மோனிஷாவுக்கு வீசிங் வந்தது. எப்போதும் வருவதுதான். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்த மூன்று வருடத்தில் பஞ்சு நெஞ்சில் குடியேறிவிட்டது என்பாள். அன்று இன்ஹேலருக்கு அடங்கவில்லை. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் என்றார்கள். மங்கலத்திலிருந்து திருப்பூருக்குப் பைக்கில் கால் மணி நேரம். அவளைப் பின்னால் உட்காரவைத்து, கியரைப் போட்டான். இன்ஜின் நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தான். கியர் போட்டதும் நின்றது. எட்டுத் தடவையோ பத்துத் தடவையோ. கடைசியில் எதிர்வீட்டுக்காரர் தன் நூல் வேனை எடுத்து வந்தார்.

"ஒரு பத்து நிமிஷம் முந்தி வந்திருந்தா..." என்றார் டாக்டர்.

வண்டி மக்கர் பண்ணிவிட்டது. இழவு கேட்க வந்தவர்களிடம் எல்லாம் தரணீதரன் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

"இப்பக் கியரப் போடு" என்றார் கிட்டுசாமி.

தீனதயாளன் ஏறி உட்கார்ந்தான். இடது குதிகாலால் சைடு ஸ்டாண்டைப் பின்னால் தட்டிவிட்டுக் கியரை மிதித்தான். வண்டி தடங்கலில்லாமல் நகர்ந்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது.

"பொணம் போன பொறகு நல்லாத்தான் ஓடுது. ஏப்பா, ஆளப் பாத்து ஓடற வண்டியா இது?"

தீனதயாளன் இறங்கித் தரணீதரனின் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சார், அன்னிக்கு ஸ்டாண்ட எடுத்தீங்கல்ல?"

"என்ன?"

"ஸ்டாண்டு கீழ இருந்தா, கியர் போட்டதும் தானா ஆஃப் ஆயிருங்க. மறந்துட்டு ஓட்டி உழுந்தரக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. டெலிவரி அன்னிக்கு நீங்க போன்ல இருந்தீங்க. அக்காகிட்டத்தான் எல்லாஞ் சொன்னேன். அவங்களே ரெண்டு வாட்டி போட்டு எடுத்துப் பாத்தாங்க."

தரணீதரனுக்கு அந்தப் போன் ஞாபகம் இருந்தது. நேவி ப்ளூ துணியில் ஷேடு மாறிவிட்டதென்று, சரக்கு வாங்கும் பையர் கத்திக்கொண்டிருந்தான். அவன் பேசி முடித்து வரும்போது மோனிஷா மாலை போட்ட வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். "ஏனுங், எல்லாம் நாங் கேட்டுக்கிட்டேன். டவுட்டுன்னா எங்கிட்ட ட்யூஷன் வாங்க. ஃபீஸ் உண்டு."

ஞாயிற்றுக்கிழமை அவள் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். மூச்சு விசிலடித்தது, பேச்சு வரவில்லை. ஒரு கையால் அவன் தோளை இறுக்கிக்கொண்டு, காலை முன்னால் நீட்டி நீட்டி எதையோ உதைத்தாள். செருப்பு கழன்று விழுந்தது. மூச்சு முட்டித் துடிக்கிறாள் என்றுதான் நினைத்தான். "காலாட்டாம உக்காரு, வண்டி சாயுது!" என்று கத்தினான்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். வேனில் ஏற்றியபோது எதுவும் கேட்கிற நிலையில் அவள் இல்லை.

தீனதயாளன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பந்தலைப் பார்த்துத் திரும்பினான்.

"சென்சார்ல ஏதாச்சு ஃபால்ட்டா இருக்குமுங்க ஐயா. எடுத்துட்டுப் போயி செக் பண்ணிர்றேன்."

"கேட்டீங்களா மாப்ள? ஒத்துக்கிட்டான்!" கிட்டுசாமி பாய்ந்து தீனதயாளனின் சட்டையைப் பிடித்தார். "எங் கண்ண எரிச்சுட்டு வந்து நிக்கறேன், செக் பண்றியா? வரச் சொல்றா உங்க மொதலாளிய. கேஸ் போடாம உடமாட்டேன்."

சட்டைப் பட்டன் ஒன்று தெறித்தது. தீனதயாளன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று தரணீதரனுக்குத் தோன்றியது. வண்டியே கேடு என்று ஊர் முடித்துவிடும். மாமனாரும் அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவார்.

"மாமா, அவர விடுங்க."

"நீங்க சும்மா இருங்க மாப்ள."

"வண்டில ஒண்ணும் இல்லீங்க மாமா. எப்பவும் எடுத்துருவேன், அன்னிக்குப் பதட்டத்துல நாந்தான் ஸ்டாண்ட எடுக்கல. அது கீழ இருந்தா வண்டி நகராது. எனக்குத் தெரியல."

கிட்டுசாமியின் பிடி தளர நேரமானது. சட்டையை விட்டுவிட்டு, கசங்கிய இடத்தை நீவிவிடுவதுபோல் ஒருமுறை தடவினார்.

"அவளுக்குத் தெரியுமா?"

தீனதயாளன் தரையைப் பார்த்தான்.

"தெரியும்ங்க" என்றான் தரணீதரன்.

"அப்பச் சொல்லியிருப்பாளே."

"பேச்சு வரலீங்க மாமா."

அவ்வளவுதான் சொன்னான். அவள் காலை நீட்டி நீட்டி ஸ்டாண்டைத் தேடியதைச் சொல்லவில்லை.

கிட்டுசாமி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்காமல் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு வண்டியையே பார்த்தார். சீட்டின் பாலிதீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

"நீ ரெண்டு வாய் சாப்டுட்டுப் போ கண்ணு" என்றார் தீனதயாளனிடம். பிறகு மருமகன் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"மாப்ள, அத நெழல்ல நிறுத்துங்க. வெயில்ல பெயிண்ட் வெளுத்துரும்."

தரணீதரன் சாவியைத் தொடவில்லை. ஹேண்டிலைப் பிடித்து மெதுவாகத் தள்ளினான். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து, தங்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டார்கள்.