மூன்றாவது வரிசைச் சிரிப்பு

மஞ்சள் சாமந்திகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான் மில்டன். மலர்வளையம் அவன் தோளுயரம் இருந்தது. பை இரண்டும் புடைத்துவிட்டன. வளையத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. பக்கத்தில் பெட்டிக்குள் படுத்திருந்த இர்மா இப்படி ஒரு கூத்தைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்தது, கல்யாணமான நாளிலிருந்து இதுவே முதல் தடவை.

"என்ன சார் பண்றீங்க?" என்றான் அஞ்சலிக் கூடத்துச் சிப்பந்தி.

"வெளியில நிக்கிறாங்க பாருங்க. இது இருக்கிற வரைக்கும் அவங்க உள்ள வர மாட்டாங்க."

சிப்பந்தி சன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். எதிர் நடைபாதையில், அந்த ஊர்க் குளிர்காலமான ஜூலை மாதத்து ஆற்றங்காற்று முகத்தில் அறைய, 'நொண்டி நாற்காலி' நாடகக் குழு மொத்தமும் கையில் வெந்நீர்க் குடுவையோடு நடுங்கிக்கொண்டு நின்றது. மேடைக்காரர்களுக்கு மஞ்சள் ஆகாது. மஞ்சளைப் பார்த்துவிட்டு மேடையேறினால் வசனம் மறக்கும், விளக்கு வெடிக்கும், கொட்டகைக்கு நாய்கூட வராது.

"நான்கூட கால்பந்துத் தகராறோன்னு நினைச்சேன்" என்றான் சிப்பந்தி. "போன வாரம் ஒருத்தர் பெட்டி மேல மஞ்சள் கறுப்புக் கொடியைப் போட்டுட்டு, இங்கேயே அடிதடி. ஆனா இது மேடை இல்லியே சார்."

"அதை அவங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல முடியாது. நானும் நம்புறவன்."

அப்போதுதான் கிளாதிஸ் காபியோடு உள்ளே வந்தாள். இர்மாவின் அக்கா. வளையத்தை அனுப்பியவளும் அவள்தான்.

"என் பூவை எதுக்குப்பா பிய்க்கிறே?"

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மஞ்சள்..."

"மஞ்சள்தான். என் தங்கச்சிக்குப் பிடிச்ச நிறம். உனக்குத் தெரியுமா அது? உன்னைக் கட்டிக்கிட்டதிலேருந்து ஒரு மஞ்சள் கைக்குட்டை வெச்சுக்க முடியல அவளால." கிளாதிஸ் காபியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "அதுவாவது போகட்டும். அந்தச் சிரிப்பு. வாரம் மூணு நாள், டூட்டிக்குப் போற மாதிரி போய்ச் சிரிச்சாளே, அதுக்கு என்ன சொல்றே?"

"டூட்டியா?"

"பின்னே? சளி பிடிச்சா காலையிலேயே தேன் குடிச்சுத் தொண்டையைச் சரி பண்ணிக்குவா. குளியலறையில நின்னு சிரிச்சுப் பார்ப்பா. நானே காதால கேட்டிருக்கேன்."

மில்டன் கையிலிருந்த சாமந்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

'நொண்டி நாற்காலி' ஒரு காலத்தில் டயர் கடையாக இருந்த இடம். நெருக்கிப் போட்டால் அறுபது நாற்காலி. வார இறுதியில் அங்கே குட்டி நாடகங்கள்: ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், மில்டன் எழுதியவை, பாதியில் மில்டனே நடித்தவை. இர்மா வாசலில் டிக்கெட் கிழித்துவிட்டு, விளக்கு அணைந்ததும் மூன்றாவது வரிசை ஓரத்தில் வந்து உட்காருவாள். தொடக்கத்தில் மில்டன்தான் கேட்டிருந்தான். "வந்தவங்களுக்கு முதல்ல சிரிக்கக் கூச்சமா இருக்கு. யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கணும். நீ ஆரம்பிச்சு வையேன்" என்று. அவளும் ஆரம்பித்து வைத்தாள். கோழிக்கூண்டைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. அதன் பின்னாலேயே அறுபது பேரும் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நாளடைவில், தான் கேட்டுத்தான் அவள் சிரிக்கிறாள் என்பதை மில்டன் மறந்துபோனான். மறப்பது சௌகரியமாகவும் இருந்தது. பிறகு அந்தச் சிரிப்பைத் தராசாகவே வைத்துக்கொண்டான். மூன்றாவது வரிசையில் சத்தம் கேட்ட நாடகம் தங்கும். கேட்காதது இரண்டாம் நாளோடு காலி. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மேடையில் நிற்பவன் கண்ணில் விளக்கு அடிக்கும். எதிரே இருட்டுத்தான் தெரியும். காதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

முந்தின நாள் காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போதே இர்மா போய்விட்டாள். அந்தத் துக்கமே இன்னும் முழுசாக உள்ளே இறங்கவில்லை. அதற்குள் இது வேறு. அவள் ஒரு நாளாவது நிஜமாகச் சிரித்தாளா? நாலு மணிக்கு அடக்கம். அதற்குள் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது அவனுக்கு. கேட்க வேண்டிய ஆளிடம் இனிக் கேட்க முடியாது.

வளையத்துக்கு வழி சிப்பந்திதான் சொன்னான். "பக்கத்து ரூம்ல ஒரு பெரியவர். பஸ் டிரைவரா இருந்தவராம். ஒரு பூகூட வரல. அங்க கொண்டு வெச்சிடவா?"

கிளாதிஸ் அந்த ஏழை மனிதரை நினைத்துக் கொஞ்சம் இளகி, சரி என்றாள். வளையம் போனது. நாடகக் குழு உள்ளே வந்தது. இர்மாவின் நெற்றியில் வரிசையாக முத்தமிட்டார்கள், மூக்கைச் சிந்தினார்கள், காபி மேல் பாய்ந்தார்கள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, பக்கத்து அறையிலிருந்து கறுப்புச் சால்வை போர்த்திய ஒரு கிழவி புயலாக வந்து வாசலில் நின்றாள்.

"யாரு இங்க கிளாதிஸ்?"

எல்லோரும் கிளாதிஸைப் பார்த்தார்கள்.

"'உன்னை ஒரு நாளும் மறக்காத கிளாதிஸ்'னு ரிப்பன்ல பொன்னெழுத்துல போட்டிருக்கே. நாப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினேன், இப்படி ஒரு பேரை அந்த மனுஷன் வாயில கேட்டதில்ல."

ரிப்பனைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. கிளாதிஸ் முகம் வெளுத்து, பிறகு சிவந்து, "ஐயோ அம்மா, நான் பஸ்லயே ஏறினதில்ல" என்று கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். நாடகக்காரர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள்கள் குலுங்கியதை அழுகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

மில்டன் மட்டும் சிரிக்கவில்லை. மாபெலை ஓரமாகக் கூப்பிட்டான். மேடையில் அவனுக்கு மனைவியாக, மாமியாராக, ஒரு தடவை குதிரையாகவும் நடித்தவள் அவள்.

"நிஜத்தைச் சொல்லு மாபெல். இர்மாவுக்கு என் நாடகம் பிடிச்சிருந்துச்சா?"

"எவ்வளவு அழகாச் சிரிப்பாங்க."

"நான் அதைக் கேக்கல."

மாபெல் மூக்கைத் துடைத்தாள். தேவைக்கு மேலேயே துடைத்தாள். "சாவு வீட்ல கேக்குற கேள்வியா இது?"

"உயிரோட இருந்தப்ப கேக்கத் தோணல."

"குதிரைக்கு நல்லாச் சிரிச்சாங்க."

"அது உன் குதிரை."

"ஆமா" என்றாள் மாபெல், துக்கத்திலும் சற்றுப் பெருமையாக.

மில்டன் தாழ்வாரத்துக்கு வந்தான். அங்கே விளக்குக்காரன் எபேர், தனியாக உட்கார்ந்து சுரைக்குடுவையில் மாத்தே இலைக்கு வெந்நீர் ஊற்றி, குழலால் உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தான். எபேர் அதிகம் பேசுகிறவன் இல்லை. டயர் கடைக்குக் கூரை தாழ்வு என்பதால் அவனுடைய விளக்குப் பலகையை மேடைக்குப் பக்கவாட்டில், ஓர் ஏணியின் மேல் கட்டியிருந்தார்கள். வருஷக்கணக்கில் அவன் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தான். கொட்டகையில் ஜனங்களின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவன்தான்.

"உட்காரு வாத்தியாரே. ஒரு மாத்தே குடி."

"எபேர், அவ எப்பவாவது நிஜமாச் சிரிச்சாளா?"

எபேர் குடுவையில் வெந்நீரை ஊற்றினான். வழியாமல் சரியான இடத்தில் நிறுத்தினான்.

"சத்தமாச் சிரிச்சப்பல்லாம் இல்ல" என்றான்.

"அப்படீன்னா முப்பது வருஷமும்..."

"முழுசாக் கேளு. நிஜமாச் சிரிப்பு வந்தா அவங்களுக்குச் சத்தமே வராது. உனக்குத் தெரியாதா? குடும்பம் நடத்தினது நீயா நானா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அதுவும் சரிதான். வீட்ல நீ உம்முன்னு உட்கார்ந்து எழுதிக்கிட்டிருப்பே." எபேர் குடுவையை நீட்டினான். "மூச்சு நின்னுடும் அவங்களுக்கு. முகம் செவந்து, டிக்கெட் பையை வாயில கடிச்சுக்கிட்டு, முன் நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்குவாங்க. ஒரு நாள் முன்னாடி உட்கார்ந்திருந்த ஆளு, பூகம்பம்னு எழுந்தே நின்னுட்டான்."

"எந்த நாடகத்துக்கு?"

"கோட்டு நாடகத்துக்கு."

மில்டன் அவனையே பார்த்தான். "அதை ரெண்டாம் நாளே தூக்கிட்டேனே."

"தூக்கிட்டே."

"வேற எதுக்கு?"

"பல்லு டாக்டர் தூங்கிப்போவாரே, அதுக்கு."

"அதையும் தூக்கிட்டேன்."

"மழைக்கு ஒதுங்கின ரெண்டு பாதிரியாருக்கு."

"தூக்கிட்டேன்."

"நல்லதாப் பார்த்துப் பார்த்துத்தான் தூக்கினே" என்றான் எபேர்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"ஏணியில இருக்கிறவன்கிட்ட யாரு அபிப்பிராயம் கேட்டா? கோட்டு நாடகத்துல கடைசி விளக்கை லேட்டா அணைச்சேன்னு ஒரு வாரம் என்னோட பேசாம இருந்தியே, ஞாபகம் இருக்கா? நான் அவங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். கை சுவிட்சுக்குப் போகல."

மில்டனுக்கு ஞாபகம் இருந்தது. அந்த இரவு வீட்டுக்கு நடந்தபோது இர்மா, "கோட்டு நல்லா இருந்துச்சு, மில்டன்" என்றாள். "ஆறுதல் சொல்லாதே. நீ சிரிக்கவே இல்ல" என்றான் அவன். "சிரிச்சேனே" என்றாள். "எனக்குக் கேக்கலையே." இர்மா நடப்பதை நிறுத்தி, அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு, ரொட்டிக்கடை மூடிவிடும் என்று வேகமாக நடந்தாள்.

அவள் சொன்னதை நம்பாமல் காதை நம்பினான் அவன். அழுகைதான் வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்தது. எப்பேர்ப்பட்ட முட்டாள், அவளுக்குப் பிடித்த ஒவ்வொன்றையும் அவளுக்காகவே கிழித்துப் போட்டவன். எபேர் குடுவையைத் திரும்ப வாங்கினான். அதில் மறுபடியும் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தான்.

மூன்றரைக்குச் சிப்பந்தி வந்து, வண்டி வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றான். உள்ளே குழுவினர், பெட்டி வெளியே போகும்போது கை தட்டலாமா வேண்டாமா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நடிகர்கள் செத்தால் தட்டுவார்கள்; அது வழக்கம். எதிரே உட்கார்ந்து சிரிப்பதே தொழிலாக இருந்தவள் செத்தால் என்ன செய்வதென்று வழக்கத்தில் இல்லை.

"எல்லாரும் கொஞ்சம் சுவரோரமாப் போங்க" என்றான் மில்டன்.

எபேரின் கோட்டை வாங்கினான். பெட்டிக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கோட்டை அதன் மேல் மாட்டி, கைகளை மடியில் வைக்கிற மாதிரி மடித்து வைத்தான். பழைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோட்டு நாடகத்துக்குக் கொட்டகையே சிரிக்காமல் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாளை அவர்களும் மறக்கவில்லை. கிளாதிஸும் டிரைவரின் மனைவியும் கைகோத்தபடி வாசலில் வந்து நின்றார்கள். "இப்ப என்ன ஆரம்பிக்கிறான் இவன்?" என்றாள் கிளாதிஸ். "ஷ்" என்றாள் கிழவி.

கதை இவ்வளவுதான்: ஒருவன் களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறான். இருக்கிற ஒரே நாற்காலியில் அவனுடைய கோட்டு உட்கார்ந்திருக்கிறது. எழுந்திரு என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

மில்டன் வாசலிலிருந்து வந்தான். கோட்டைப் பார்த்தான். வணக்கம் சொன்னான். வேறு நாற்காலி இருக்கிறதா என்று தேடுவதைக் கோட்டு கவனித்துவிடக் கூடாதே என்று, கூரையை ரசிப்பவன் போல அறையைச் சுற்றினான். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றான். முழங்கால் வலிப்பதை மறைக்க, நடனம் பழகுகிறவன் போல ஓர் அசைவு அசைந்தான். கோட்டு அதைப் பார்க்க, வெட்கப்பட்டு நிறுத்தினான்.

யாரும் சிரிக்கவில்லை. சிப்பந்தி தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். யாராவது ஆரம்பித்து வைக்க வேண்டுமே என்று மாபெல் மூச்சை இழுத்தாள். எபேர் அவள் கையைத் தொட்டு, வேண்டாம் என்று தலையசைத்தான்.

அறை அப்படியே நிசப்தமாக இருந்தது. இப்படி ஓர் அமைதி விழுந்தால் மில்டனுக்கு வியர்க்கும். வசனத்தை விழுங்கி, காட்சியை ஓட்டி, விளக்கை அணைக்கச் சொல்லி எபேருக்குக் கண் காட்டுவான். இன்றைக்கு அவன் அவசரப்படவில்லை. எபேர் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த மாத்தேயை எடுத்து, சூடு பார்த்து, குழலைத் துடைத்து, மரியாதையாகக் கோட்டிடம் நீட்டினான். அது குடித்து முடிக்கும் வரை காத்திருந்தான்.